வெளிச்சத்துக்கு வீடு கட்டியவர்

1974-ம் ஆண்டு மார்ச் மாதம் 17-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

நியூயார்க் நகரத்தின் பென்சில்வேனியா ரெயில் நிலையத்தில் வழக்கம் போலக் கூட்டம். அங்கே ஆண்கள் கழிப்பறையில் ஒரு முதியவர் விழுந்து கிடந்தார். மாரடைப்பு. உயிர் போய்விட்டது.

குள்ளமான உருவம். நரைத்த தலை. முகத்தின் கீழ்ப்பாதி முழுவதும் பழைய தீக்காயத் தழும்பு. அவரிடம் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் அதில் முகவரி அடிக்கப்பட்டு இருந்தது.

அவரது ஊரான பிலடெல்பியாவுக்குப் போலீசார் தகவல் அனுப்பினார்கள். அந்தத் தகவல் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. 2 நாள் அவர் உடல் பிணவறையில் கிடந்தது. வீட்டிலே மனைவி, இந்தியாவில் இருந்து திரும்ப வேண்டிய கணவர் ஏன் இன்னும் வரவில்லை என்று தவித்துக்கொண்டு இருந்தார்.

இறந்தவர் பெயர் லூயி கான். வயது 73. அமெரிக்காவின் தலைசிறந்த கட்டிடக் கலைஞர். அகமதாபாத்தில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் கட்டிடங்கள் அவர் வரைந்தவை. அந்த வேலையைப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஊர் திரும்பிக்கொண்டு இருந்தார். வங்காள தேசத்தின் தலைநகர் டாக்காவில் உள்ள பாராளுமன்ற மாளிகையும் அவர் வரைந்ததுதான்.

அவர் விழுந்த இடத்துக்கும் ஒரு கதை உண்டு.

1910-ம் ஆண்டில் அந்த ரெயில் நிலையம் ஓர் அரண்மனை போலக் கட்டப்பட்டது. பழைய ரோமாபுரியின் குளியல் மண்டபங்களைப் பார்த்து அதன் பெருங்கூடத்தை அமைத்தார்கள். வானளாவிய கூரை! வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள்! 1963-ம் ஆண்டில் அதை இடிக்கத் தொடங்கினார்கள். நிலத்துக்கு நல்ல விலை கிடைத்தது. தூண்களை உடைத்துச் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ரெயில் நிலையம் பூமிக்கு அடியில் ஒடுங்கியது. நகர மக்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில்தான் 1965-ம் ஆண்டு, பழைய கட்டிடங்களைக் காப்பாற்ற நியூயார்க்கில் ஒரு சட்டம் வந்தது.

ரோமாபுரியின் கல் மண்டபங்களைக் கோவில் போல நேசித்தவர் லூயி கான். அப்படி ஒரு மண்டபம் இருந்து இல்லாமல் போன இடத்தில், தாழ்ந்த கூரையின் கீழ், அவர் கதை முடிந்தது.

அவர் கட்டிய கட்டிடங்களின் கதை முடியவில்லை.

தணலை அள்ளிய குழந்தை

ருசியப் பேரரசின் கீழ் எஸ்தோனியா என்ற சிறிய நாடு இருந்தது. அங்கே 1901-ம் ஆண்டில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் லூயி கான் பிறந்தார்.

அவருக்கு 3 வயது. வீட்டில் அடுப்புத் தணல் தகதக என்று ஜொலித்தது. அந்த நிறம் குழந்தையை மயக்கிவிட்டது. தணலைக் கையால் அள்ளி மேலங்கியில் போட்டுக்கொண்டது. துணியில் தீப்பற்றியது. முகமும் கைகளும் வெந்தன.

இப்படி உருக்குலைந்து வாழ்வதைவிடக் குழந்தை கண்ணை மூடிவிடுவதே மேல் என்று தகப்பனார் மனம் நொந்தார். தாயார் ஒப்பவில்லை. இவன் பிழைப்பான், பெரிய மனிதனாக வருவான் என்று உறுதியாக நம்பினார். தாயின் வாக்கே பலித்தது.

1906-ம் ஆண்டில் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. பிலடெல்பியா நகரத்தின் ஏழைகள் வாழும் பகுதியில் குடியேறியது. தகப்பனார் கண்ணாடியில் வண்ணச் சித்திரம் தீட்டத் தெரிந்தவர். ஆனால் நிலையான வேலை கிடைக்கவில்லை. தாயார் கம்பளி உடை பின்னிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தழும்பு முகத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள். பையன் ஒதுங்கி உட்கார்ந்து படம் போட்டான். பென்சில் வாங்கக் காசு இல்லை. குச்சியைக் கொளுத்தி, அந்தக் கரியால் வரைந்தான். சுட்ட நெருப்பே அவனுக்குத் தூரிகையும் கொடுத்தது!

சங்கீதமும் வந்தது. யாரோ ஒரு பழைய பியானோவைக் கொடுத்தார்கள். வீட்டில் அதை வைக்க இடம் இல்லை. கட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தார்கள். பையன் இரவில் அதன் மேலேயே படுத்துத் தூங்கினான் என்று சொல்வார்கள். அது ஊமைப் படக் காலம். சினிமாக் கொட்டகையில் படம் ஓடும்போது பியானோ வாசிக்க ஆள் வேண்டும். லூயி வாசித்தார். அந்தக் காசில் குடும்பமும் நடந்தது, படிப்பும் நடந்தது.

ஓவியராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் கட்டிடக் கலையின் வரலாற்றைப் பற்றிச் சில வகுப்புகள் நடந்தன. எகிப்து, கிரீஸ், ரோம் என்று படம் படமாகக் காட்டினார்கள். லூயியின் மனம் மாறிவிட்டது. ஓவியம் படிக்கக் கிடைத்த உதவித் தொகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தில் கட்டிடக் கலை படித்தார். 1924-ம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

ஐம்பது வயதில் பிறந்த புகழ்

பட்டம் வந்தது. புகழ் வரவில்லை.

1930-ம் ஆண்டில் எஸ்தர் என்ற பெண்ணை மணந்தார். அதே சமயம் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் பிடித்துக்கொண்டது. கட்டிட வேலையே இல்லை. மனைவியின் சம்பளத்தில் பல ஆண்டுகள் குடும்பம் நடந்தது. பிறகு ஏழைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வீடுகள் வரைந்தார். யேல் பல்கலைக் கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். செங்கல்லின் விருப்பத்தைக் கேட்காமல் சுவர் எழுப்பக் கூடாது என்பது அவர் பாடம். மாணவர்கள் முதலில் விழித்தார்கள். பிறகு புரிந்துகொண்டார்கள். செங்கல்லைச் செங்கல்லாகவும் கல்லைக் கல்லாகவும் காட்ட வேண்டும், பூசி மறைக்கக் கூடாது என்று அதற்குப் பொருள்.

1950-ம் ஆண்டு, 49 வயதில் அவர் ரோமாபுரிக்குப் போனார். அங்கிருந்து எகிப்துக்கும் கிரீசுக்கும் போனார். கூரை இல்லாத கோவில்கள், பாதி சரிந்த மண்டபங்கள், பிரமிடுகள். எல்லாவற்றையும் வண்ணத்தில் வரைந்து தள்ளினார். ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்ற சுவர்கள் அவரிடம் என்னவோ பேசிவிட்டன. ஊர் திரும்பியவர் வேறு மனிதராக வேலையைத் தொடங்கினார்.

யேல் பல்கலைக் கழகத்தில் பழைய ஓவியக் கூடம் ஒன்று இருந்தது. அதில் இடம் போதவில்லை. அதை ஒட்டிப் புதுக் கட்டிடம் எழுப்பும் வேலை கானுக்குக் கிடைத்தது. அவருடைய முதல் பெரிய வேலையே, பழைய கலைக்கூடத்துக்கு ஒரு புதிய பகுதி சேர்க்கும் வேலைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழையதைப் போலவே அவர் கட்டவில்லை. முக்கோணம் முக்கோணமாகக் கான்கிரீட் கூரை அமைத்தார். தெருப் பக்கம் வெறும் செங்கல் சுவர். 1953-ம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. கானுக்கு அப்போது 52 வயது. அதன் பிறகுதான் உலகம் அவர் பெயரைக் கேட்டது.

அதன் பின்னர் 20 ஆண்டுகள். கலிபோர்னியாவில் கடலைப் பார்த்து நிற்கும் சால்க் ஆராய்ச்சி நிலையம். 1962-ல் அகமதாபாத், அதே ஆண்டில் டாக்கா. ஓய்வே இல்லை. வரைந்ததை அழித்து மறுபடியும் வரைவார். கடைசி நிமிடத்திலும் மாற்றுவார். வேலை கொடுத்தவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். இதனால் பெயர் வளர்ந்ததே தவிரப் பணம் வளரவில்லை. அவர் இறந்தபோது அலுவலகத்தின் கடன் சுமார் 5 லட்சம் டாலர்!

வீட்டு வாழ்க்கையும் நேர்கோடாக இல்லை. மனைவியையும் மகளையும் தவிர, உடன் வேலை செய்த இரு பெண்கள் மூலம் அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும் இருந்தார்கள். கானின் மரணச் செய்தியில் அந்தப் பிள்ளைகளின் பெயர் வரவில்லை. தந்தை இறந்தபோது மகன் நத்தானியலுக்கு 11 வயது. பின்னாளில் அவர் தந்தையின் கட்டிடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய்ப் படம் எடுத்தார். அந்தப் படம் 2003-ம் ஆண்டில் வெளிவந்தது. கட்டிடங்களுக்குத் தந்த நேரத்தை அந்தப் பிள்ளைகளுக்கு அவர் தரவில்லை. இதையும் சொல்லாமல் விட முடியாது.

மாட்டுச் சந்தையில் ஒரு மாளிகை

டெக்சாஸ் மாநிலத்தில் போர்ட் வொர்த் என்று ஒரு நகரம். மாட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். அங்கே கே கிம்பெல் என்ற கோடீசுவரர் இருந்தார். தானிய ஆலை, எண்ணெய் என்று பல தொழில்கள். அவரும் மனைவியும் ஓவியங்களை வாங்கிச் சேர்த்தார்கள். 1964-ம் ஆண்டில் அவர் காலமானார். தம் சொத்தைக் கொண்டு ஊருக்கு ஒரு முதல் தரமான கலைக்கூடம் கட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். மனைவி வெல்மா தன் பங்கையும் அதற்கே கொடுத்துவிட்டார்.

1966-ம் ஆண்டில் அந்த வேலை லூயி கானிடம் வந்தது.

ஓவியங்களுக்கு வெயில் ஆகாது. சாயம் வெளுத்துவிடும். டெக்சாசிலோ வெயில் கொளுத்தும் வெயில். ஆகவே ஜன்னலை மூடிவிட்டு மின்விளக்குப் போடுவதுதான் வழக்கம். கானுக்கு அது பிடிக்கவில்லை. மின்விளக்கு எப்போதும் ஒரே மாதிரி எரியும். சூரிய ஒளியோ நேரத்துக்கு நேரம் மாறும். மேகம் போனால் ஒரு நிறம், மாலை வந்தால் ஒரு நிறம். ஓவியர்கள் பகல் வெளிச்சத்தில்தானே வரைந்தார்கள்? அதே வெளிச்சத்தில்தானே பார்க்க வேண்டும்?

கலைக்கூடத்தின் இயக்குநராக இருந்த ரிச்சர்டு பிரவுனும் அதே எண்ணம் உடையவர். வெயில் உள்ளே வர வேண்டும், ஆனால் ஓவியத்தின் மேல் விழக் கூடாது. எப்படி?

ஒரு சைக்கிள் சக்கரத்தின் விளிம்பில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வையுங்கள். சுவர் ஓரமாகச் சக்கரத்தை உருட்டுங்கள். அந்தப் பொட்டு போகும் வழியைச் சுவரில் கோடாக வரைந்தால் ஓர் அழகான வளைவு கிடைக்கும். அரை வட்டத்தைவிடத் தாழ்வான, அகலமான வளைவு. கான் தம் கூரைக்கு அந்த வளைவைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு கூரையும் 100 அடி நீளம், சுமார் 23 அடி அகலம். இப்படி 16 கூரைகள். கவிழ்த்து வைத்த தோணிகள் போல அருகருகே கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் நான்கு மூலையில் நான்கு தூண்கள் மட்டுமே தாங்குகின்றன. சுவர்கள் பாரம் சுமக்கவில்லை.

அதிசயம் அதன் உச்சியில் இருக்கிறது. வளைந்த கூரைக்கு உயிர் அதன் உச்சிதான். அங்கே வெட்டினால் கூரை விழுந்துவிடும். கானோ உச்சியிலேயே ஒரு முனையில் இருந்து மறு முனை வரை பிளந்து வைத்தார். இது எப்படி நிற்கும்? அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஆகஸ்டு கொமெண்டன்ட் என்ற பொறியாளர். கான்கிரீட்டின் உள்ளே எஃகுக் கயிறுகளை வைத்து முறுக்கேற்றி, கூரையை ஒரு நீண்ட உத்தரம் போல நிற்கச் செய்தார். அவரும் எஸ்தோனியாவில் பிறந்தவர்தான். எங்கோ பிறந்த இருவர் டெக்சாஸ் பொட்டலில் ஒரு கூரையின் கீழ் சேர்ந்தார்கள்.

பிளவு வழியே வெயில் இறங்கும். உடனே அதன் கீழே பறவையின் சிறகு போல விரிந்த அலுமினியத் தகடு அதைத் தடுக்கும். தடுத்து, மேல் நோக்கிக் கூரையின் மீது வீசும். கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவர்களில் மெல்ல வழியும். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே நிலவு பொழிந்தது போல வெள்ளி நிற ஒளி!

தணலின் நிறத்துக்கு மயங்கி முகத்தைப் பறிகொடுத்த குழந்தை, 70 வயதில் சூரியனையே பிடித்துப் பழக்கி வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டது.

உள்ளே நம் பழைய வீடுகளில் இருப்பது போல முற்றங்கள் உண்டு. முகப்பில் சுவர் இல்லாத மூன்று தாழ்வாரங்கள். அவற்றில் ஒரு வேலையும் நடப்பது இல்லை. ஏறக்குறைய நம் ஊர்த் திண்ணைகள்! அதன் முன்னே சிறு மரங்கள் அடர்ந்த தோப்பு. காலடியில் சரளைக்கல் கரகர என்று சத்தம் போடும். பக்கத்தில் தண்ணீர் வழிந்து ஓடும் சத்தம். தோப்பைத் தாண்டி, தாழ்வாரத்தில் நின்று மூச்சு வாங்கி, கண் குளிர்ந்த பிறகு உள்ளே நுழைய வேண்டும். அதுதான் கான் போட்ட வழி.

1972-ம் ஆண்டு அக்டோபர் மாதம் கிம்பெல் கலைக்கூடம் திறக்கப்பட்டது. அவர் திறப்பு விழாவைக் கண்டது அந்தக் கலைக்கூடத்தோடு சரி. யேல் பல்கலைக் கழகத்தில் அவர் வரைந்த இன்னொரு கலைக்கூடம் 1977-ல்தான் திறக்கப்பட்டது. டாக்கா மாளிகை 1980-களில்தான் முடிந்தது. அவற்றை அவர் பார்க்கவில்லை.

போர்ட் வொர்த்தில் ஒரு சங்கடம் வந்தது. அமெரிக்காவில் எல்லாரும் காரில் வருகிறவர்கள். கார் நிறுத்தும் இடம் கட்டிடத்தின் பின்புறம். எனவே பெரும்பாலோர் பின்பக்கமாகவே வந்து, கீழ்த் தளத்தில் நுழைந்து, மாடிப்படி ஏறிப் போனார்கள். தோப்பையும் தாழ்வாரத்தையும் பாராமலே திரும்பினார்கள்.

பெரிதாக்க வந்தார்கள்

ஊர் வளர்ந்தது. 1970-ல் போர்ட் வொர்த் மக்கள் தொகை 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2020-ம் ஆண்டுக் கணக்கில் 9 லட்சத்து 18 ஆயிரம்.

கலைக்கூடமும் வளர்ந்தது. புகழ் பெற்ற ஓவியங்கள் வந்து சேர்ந்தன. வெளியூரில் இருந்து பெரிய கண்காட்சிகள் வந்தன. அப்படி ஒன்று வந்தால் சொந்த ஓவியங்களைக் கழற்றிக் கிடங்கில் வைக்க வேண்டும். இவ்வளவு அருமையான பொருள்களை இருட்டில் அடைத்து வைப்பதா என்று நிர்வாகிகள் கவலைப்பட்டார்கள். கவலை நியாயமானது.

1989-ம் ஆண்டில் ஒரு திட்டம் வெளிவந்தது. கட்டிடத்தின் வடக்கிலும் தெற்கிலும் அதே மாதிரி வளைவுக் கூரைகளை ஒட்டிக் கட்டி நீட்டிவிடுவது! வரைந்தவர் ரொமால்டோ ஜுர்கோலா. சாதாரண ஆள் அல்ல. ஆஸ்திரேலியாவின் புதிய பாராளுமன்றக் கட்டிடத்தை வரைந்தவர். கானை நன்கு அறிந்தவர். அவர் மேல் மதிப்பு உள்ளவர். கான் முதலில் வரைந்த படங்களில் இன்னும் அதிகமான கூரைகள் இருந்தன, ஆகவே சேர்ப்பதில் தவறு இல்லை என்பது திட்டத்தை ஆதரித்தவர்களின் வாதம்.

அமெரிக்கா முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. பிலிப் ஜான்சன், பிராங்க் கெரி போன்ற பெரிய கட்டிடக் கலைஞர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். கானின் மனைவி எஸ்தரும் எதிர்த்தார். கூடுதல் இடம் தேவை என்பதை எதிர்த்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒட்டிக் கட்டுவது கூடாது என்றார்கள்.

கிம்பெல் கட்டிடத்துக்கு ஒரு தலை உண்டு, இரண்டு தோள்கள் உண்டு. நடுவே 4 கூரைகள், இரு பக்கமும் ஆறு ஆறு. அந்த அளவில்தான் அழகு நிற்கிறது. தோள்களை நீட்டிக்கொண்டே போனால் அது மாளிகையாக இருக்காது. நீண்ட கிடங்கு ஆகிவிடும். அதோடு, எது கான் கட்டியது, எது பின்னால் வந்தது என்று பேரப்பிள்ளைகள் காலத்தில் யாருக்கும் தெரியாது. அப்பட்டமாக வேறு மாதிரி கட்டுவதைவிட இந்தப் போலி ஆபத்தானது. ஜுர்கோலாவின் மனம் நல்ல மனம்தான். வழிதான் சரியில்லை.

அடுத்த ஆண்டிலேயே திட்டம் கைவிடப்பட்டது.

தேவை அப்படியே நின்றது. ஓவியங்கள் கிடங்குக்குப் போவதும் வருவதுமாக இருந்தன. 2009-ம் ஆண்டில், மைக்கேலாஞ்சலோ சிறுவனாக இருந்தபோது தீட்டியதாக நம்பப்படும் ஓவியமும் அங்கே வந்து சேர்ந்தது. இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?

அகமதாபாத்தில் ஒரு கண்டம்

கானின் மற்ற கட்டிடங்களுக்கும் இதே சோதனைதான். சில பிழைத்தன. சில இன்னும் பிழைக்கப் போராடுகின்றன.

யேலில் 1953-ல் திறந்த முதல் கூடத்தில், பின்னால் வந்தவர்கள் தட்டிகளை அடைத்தார்கள். திறந்த முற்றத்தைக் கூரை போட்டு மூடினார்கள். 2006-ம் ஆண்டில் அவை எல்லாம் அகற்றப்பட்டன. கான் கட்டிய உருவம் மீண்டும் வெளியே வந்தது. தெருவுக்கு எதிர்ப்புறம் நிற்பது அவருடைய கடைசிக் கலைக்கூடம். அதற்கு முறையான பராமரிப்புத் திட்டமே ஒரு புத்தகமாக 2011-ல் வெளிவந்தது. எந்தச் சுவரில் கை வைக்கலாம், எதில் வைக்கவே கூடாது என்று அறை அறையாக எழுதி வைத்தார்கள். பழுதான கூரைக் கண்ணாடிகளைப் புதுப்பித்து 2025-ம் ஆண்டில் மறுபடியும் திறந்தார்கள். கலிபோர்னியாவின் சால்க் நிலையத்தில் கடல் காற்றில் கறுத்துப்போன தேக்கு மர ஜன்னல்களை, தூக்கி எறியாமல் முடிந்தவரை அதே மரத்தைக் காப்பாற்றிச் சீர்திருத்தினார்கள். அந்த வேலை 2017-ல் முடிந்தது.

அகமதாபாத்தின் கதை அவ்வளவு சுகம் இல்லை. அங்கே முழுவதும் செங்கல். யானை நுழையும் அளவு பெரிய வட்ட வாசல்கள் சுவரில் உண்டு. நூல் நிலையத்தை அருமையாகப் பழுது பார்த்தார்கள். 2019-ம் ஆண்டில் அதற்கு யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. ஆனால் அடுத்த ஆண்டு டிசம்பரில், மாணவர்கள் தங்கும் 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது! சுவர் ஒழுகுகிறது, செங்கல் உதிர்கிறது, 2001-ம் ஆண்டுப் பூகம்பத்தில் விரிசல் கண்டது, பிள்ளைகள் பயந்து வாழ்கிறார்கள் என்று நிர்வாகம் சொன்னது.

உலகம் முழுவதும் இருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கானின் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். ஒரே வீட்டில் வளராத மூவர், தந்தையின் கட்டிடத்துக்காக ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். 2021 புத்தாண்டு நாளன்று அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் 2022 நவம்பரில், விடுதிகளைப் புதிதாகக் கட்டும் யோசனையை நிர்வாகம் மீண்டும் எடுத்தது. குடியிருக்கிறவன் தலையில் செங்கல் விழக் கூடாது என்பதும் நியாயம். இடித்த பிறகு எழுதும் புகழுரையால் பயன் இல்லை என்பதும் நியாயம்.

சீடர் கொண்டுவந்த வழி

மீண்டும் டெக்சாசுக்குப் போவோம்.

கலைக்கூடத்தார் இத்தாலியக் கட்டிடக் கலைஞர் ரென்சோ பியானோவை அழைத்தார்கள். பியானோ இளைஞராக இருந்தபோது பிலடெல்பியாவில் கானின் அலுவலகத்தில் வேலை செய்தவர். குருவின் வீட்டுக்கு எதிரே சீடர் வீடு கட்ட வேண்டும். இதைவிட இக்கட்டான வேலை உண்டா?

பியானோ ஒட்டிக் கட்டவில்லை. கானின் முகப்புக்கு எதிரே, 60 மீட்டர் தள்ளித் தனிக் கட்டிடம் கட்டினார். குருவின் கட்டிடத்தை மிஞ்சி அது உயரவில்லை. பாதிக் கட்டிடத்தைப் புல் மூடிய கூரையின் கீழ் பதுக்கினார். வளைவுக் கூரையைக் காப்பி அடிக்கவில்லை. 100 அடி நீள மர உத்தரங்களும் கண்ணாடியும் கொண்டு தம் சொந்த வழியில் வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். செலவு 13 கோடியே 50 லட்சம் டாலர். 2013-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி அது திறக்கப்பட்டது.

இதிலும் குறை கண்டவர்கள் உண்டு. கானின் கட்டிடத்துக்கு முன்னே விரிந்து கிடந்த புல்வெளி குறுகிவிட்டது என்று வருந்தினார்கள். பழைய மரங்கள் பல வெட்டப்பட்டன. புதுக்கன்றுகள் நட்டு வளர்க்க வேண்டி இருந்தது. அந்த வருத்தம் பொய் அல்ல. நகரம் வளரும்போது ஏதாவது ஒன்றைக் கொடுத்துத்தான் ஆக வேண்டி இருக்கிறது. சுவரைக் கொடுப்பதா, புல்லைக் கொடுப்பதா என்பதே கேள்வி. புல்லைக் கொடுத்தார்கள்.

இப்போது சொந்த ஓவியங்கள் கானின் கூரையின் கீழ் வெள்ளி ஒளியில் நிம்மதியாக இருக்கின்றன. வெளியூர்க் கண்காட்சிகள் வந்தால் எதிர் வீட்டுக்குப் போகின்றன.

பியானோ செய்த இன்னொரு காரியத்தைப் பலர் கவனிப்பது இல்லை. கார் நிறுத்தும் இடத்தைத் தம் கட்டிடத்தின் அடியில், பூமிக்குக் கீழே வைத்தார். காரை நிறுத்திவிட்டு மேலே ஏறி வருகிறவர்களுக்கு எதிரே தெரிவது கானின் முகப்பு. நடுவே தோப்பு.

அது கலைக்கூடம் திறந்து 41 ஆண்டுகள் கழித்து. கான் இறந்து 39 ஆண்டுகள் கழித்து. மக்கள் சரளைக்கல்லில் கரகர என்று நடந்து, தோப்பைத் தாண்டி, தாழ்வாரத்தில் சற்று நின்று, அவர் வைத்த வாசல் வழியாகவே உள்ளே போகத் தொடங்கினார்கள்.